ஒன்றும் மாறவில்லை

"கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?" ஆய்வகக் கருவி ஏதாவது மக்கர் செய்கிறது என்று ஃபோன் செய்தால், எந்த சர்வீஸ் எஞ்சினியரும் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை லேபில் பயிற்சியில் சேர்ந்த நான்காவது மாதம், இரண்டாவது கேள்விக்கு நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னேன்: "ஒண்ணும் மாறல சார்." அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தே சொன்ன பொய்யாக இருந்திருந்தால் இத்தனை நாள் உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்த பொய்க்கு ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இது அப்படி நகர விடவில்லை.

விஷயம் ஒரு நோயாளியின் ரத்த சோடியம் அளவில் ஆரம்பித்தது. பிற்பகல் மூன்று மணி தாண்டியிருக்கும். வார்டிலிருந்து ஃபோன். "காலையில இவருக்கு 139 கொடுத்தீங்க. இப்ப 125ங்கறீங்க. ஆள் கட்டில்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார்." சில மணி நேரத்தில் சோடியம் அவ்வளவு சரிந்தால் யாரும் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதே ட்யூபை எடுத்து மறுபடி ஓட்டினேன். 138. வார்டுக்குத் திருத்திச் சொன்னோம், அவர்களும் சரி என்றார்கள். மூன்று நாள் கழித்து இன்னொருவருக்கு அதே கதை. அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் மறுபடி ஓட்டினால் சரியாக வந்தது. இந்தத் தொழிலில் நிரந்தரமாகக் கெட்டுப்போன கருவியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அவ்வப்போது மட்டும் கெடும் கருவிதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

எங்கள் சீனியர் மேடம் முதலில் சந்தேகப்பட்டது கொழுப்பை. மாதிரியை நீர்த்து அளக்கும் முறையில், சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) கொழுப்போ புரதமோ மிக அதிகமாக இருந்தால் சோடியம் பொய்யாகக் குறைந்து காட்டும். இது பாடப்புத்தகத்தில் உள்ளது. ஆனால் அந்த ட்யூப்களில் சீரம் தெளிவாக, வெளிறிய மஞ்சளாக இருந்தது. தவிர, கொழுப்புதான் காரணம் என்றால் மறுபடி ஓட்டும்போதும் அதே குறைந்த எண்தானே வர வேண்டும்? அந்த யோசனையை அங்கேயே விட்டோம். அப்புறம் மிஞ்சியது கருவி. புகார்ப் படிவத்தை நிரப்பும் வேலை டிரெய்னியான எனக்கு வந்தது. "பிரச்சினை" என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "ஐஎஸ்இ பகுதி பழுது. சோடியம் எலக்ட்ரோடு மாற்ற வேண்டும்." (ஐஎஸ்இ என்பது சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் எலக்ட்ரோடுகளால் அளக்கும் பகுதி.)

விளக்கு கொடுத்த தைரியம்

அப்படி எழுதும் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய மாதம் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற கல்லீரல் டெஸ்ட்கள் இரண்டிலும் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) எண்கள் தத்தளிக்க ஆரம்பித்தன. ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. குளுக்கோஸ், புரதம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் உட்கார்ந்து யோசித்தேன். தத்தளிக்கும் டெஸ்ட்கள் எல்லாமே 340 நானோமீட்டரில் என்ஏடிஹெச் என்ற பொருள் குறைவதை அளப்பவை. ஒழுங்காக இருப்பவை அதைவிட நீண்ட அலைநீளங்களில் அளக்கப்படுபவை. ஹாலோஜன் விளக்கு தரும் ஒளி ஏற்கெனவே அந்தப் புற ஊதா ஓரத்தில்தான் மிகக் குறைவு. விளக்கு வயதாகும்போது முதலில் தள்ளாடுவதும் அங்கேதான். "விளக்கு போயிடுச்சு சார்" என்று ஃபோனில் சொன்னேன். எஞ்சினியர் விளக்கோடு வந்தார், மாற்றினார், ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரி. போகும்போது, "பரவாயில்லையே, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு மாதம் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேன்.

இப்போது யோசித்தால், அன்று சரியாக அமைந்துபோனதுதான் என்னைக் கெடுத்தது. விளக்கு விஷயத்தில் நான் எதைப் பார்த்தேன், அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தேன் என்ற இரண்டும் ஒரே பொட்டலமாகப் போய்ச் சேர்ந்தன. முடிவு சரியாக இருந்ததால் யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சோடியம் விஷயத்தில் பார்த்ததைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னேன். "பிற்பகலில் மட்டும், எப்போதாவது, மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிற குறைவு" என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் "எலக்ட்ரோடு மாற்ற வேண்டும்" என்று எழுதினேன். எஞ்சினியர் எலக்ட்ரோடைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் வேறு என்ன செய்வார்?

வந்தார். அவர் கை வைப்பதற்கு முன்னால் நோயாளிகளின் ரத்தம் பட்ட பகுதிகளையெல்லாம் கிருமிநீக்கம் செய்து, அதற்கான தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, மெல்லிய குழாய்களில் காற்றுக் குமிழி ஓடுகிறதா என்று நெடுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். 1957-இல் வெளிவந்த முதல் தானியங்கி அனலைசரில் லெனார்ட் ஸ்கெக்ஸ் காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே குழாய்க்குள் விட்டாராம், ஒரு மாதிரி அடுத்த மாதிரியோடு கலந்துவிடாமல் இருக்க. "அன்னைக்கு அவர் காசு கொடுத்து விட்ட குமிழியை இன்னைக்கு நான் டார்ச் அடிச்சுத் தேடறேன்" என்று சிரித்தார். குமிழி அகப்படவில்லை. பம்பு குழாயை மாற்றினார். சோடியம் எலக்ட்ரோடையும் மாற்றினார். காலிபரேஷன் ஓட்டினார். 37 டிகிரியில் கோட்பாட்டின்படி செறிவு பத்து மடங்கானால் எலக்ட்ரோடில் சுமார் 61.5 மில்லிவோல்ட் மாற்றம் வர வேண்டும். நிஜ எலக்ட்ரோடு அதற்குச் சற்றுக் கீழே இருக்கும். புதியதும் அப்படித்தான் இருந்தது, கழற்றிய பழையதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு அவரே அதைச் சொன்னார். கன்ட்ரோலை 20 முறை தொடர்ந்து ஓட்டினார். இருபதும் ஒரே வரிசையில் நின்றன.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல."

லேபில் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் இந்த வாக்கியத்தின் மேல் ஒரு கடுப்பு உண்டு. எனக்கும் வந்தது. கண்ணெதிரே தப்பு நடக்கிறது, இவர் ஒன்றுமில்லை என்கிறாரே. கருவியில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்பது புரிய எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. அவர் "கருவி" என்று சொன்னது மூடிக்குள் இருப்பதை. நான் "கருவி" என்று நினைத்தது ட்யூபை வைப்பதிலிருந்து எண் வருவது வரை உள்ள எல்லாவற்றையும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏழு வரிகள்

அவர் போன நான்காம் நாள் மறுபடியும் 127 ஒன்று வந்தது. நான் உடனே ஃபோனை எடுத்தேன். மேடம் என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "என்ன சொல்லப் போற?" என்றார். "மறுபடி வந்திருச்சுன்னு." "அதைச் சொன்னா அவர் மறுபடி வந்து மறுபடி போவார். முதல்ல எழுது." ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, குறைவாக வரும் ஒவ்வொரு மாதிரிக்கும் நேரம், எந்த ரேக், எந்த இடம், எந்த வார்டு, அந்த ட்யூபில் ஓடிய மற்ற டெஸ்ட்களின் எண்கள், மறுபடி ஓட்டியபோது வந்த எண்கள் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எனக்கு இது தண்டனை போல இருந்தது. ஒன்பது நாளில் ஏழு வரிகள் சேர்ந்தன. அவற்றில் சில, பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்தவை.

அந்த ஒன்பது நாளும் கன்ட்ரோல் படம் அழகாக இருந்தது. லெவியும் ஜென்னிங்ஸும் 1950-இல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த அதே வரைபடம்தான், நடுக்கோட்டைச் சுற்றி ஒழுங்கான புள்ளிகள். அந்தப் புள்ளிகளை எப்போது சந்தேகிக்க வேண்டும் என்று 1981-இல் வெஸ்ட்கார்ட் வகுத்த விதிகளில் ஒன்றைக்கூட மீறவில்லை. கன்ட்ரோல் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நான்கு மாதமாக மனதில் ஏற்றியிருந்தேன். தினமும் காலையில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நிம்மதியடைந்தேன். பிற்பகலில் அந்த நிம்மதி போய்விடும்.

நோட்டை வைத்துக்கொண்டு எஞ்சினியரிடம் மறுபடி ஃபோனில் பேசினேன். இந்த முறை முடிவு எதையும் சொல்லவில்லை, மேடம் பக்கத்தில் நின்றதால். வரி வரியாகப் படித்தேன். முதல் வரி: சோடியம் 125, மறுபடி ஓட்டியபோது 138. "பொட்டாசியம்?" என்றார். 3.9, பிறகு 4.3. "குளோரைடு?" 93, பிறகு 102. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கால்குலேட்டர் இருக்கா? வகுத்துப் பாருங்க." வகுத்தேன். மூன்றும் ஏறக்குறைய 0.91. இரண்டாவது வரியிலும் மூன்று விகிதங்களும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. மூன்றாவதிலும்.

இத்தனை நாள் இது என் கண்ணில் படாததற்குக் காரணம் எளிமையானது, அவமானகரமானதும்கூட. சோடியத்தின் இயல்பு அளவு 135 முதல் 145 வரை, மிகக் குறுகலானது. நூற்றுக்குப் பத்துக் குறைந்தாலே சிவப்பு எழுத்தில் கத்தும். பொட்டாசியத்துக்கு 3.5 முதல் 5.0 வரை தாராளமாக இடம் உண்டு. 4.3 என்பது 3.9 ஆனால் ஒரு குருவிகூடத் திரும்பிப் பார்க்காது. எனவே கத்திய சோடியத்தை மட்டும் நான் கேட்டேன். சத்தமில்லாமல் அதே அளவுக்குக் குறைந்த மற்ற இரண்டையும் "நார்மல்" என்று தள்ளிவிட்டேன். மூன்று தனித்தனி எலக்ட்ரோடுகள் ஒரே நேரத்தில் ஒரே விகிதத்தில் கெட்டுப்போவது நடக்காத காரியம். மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று, அவற்றுக்கு முன்னாலேயே தப்பாக நடந்திருக்க வேண்டும்.

"அதே ட்யூப்ல அல்புமின் ஓட்டியிருக்கீங்களா?" என்றார். இரண்டு ட்யூபில் ஓட்டியிருந்தோம். ஒன்றில் 3.6, மறுபடி ஓட்டியபோது 4.0. அல்புமின் என்ற ரத்தப் புரதத்துக்கும் எலக்ட்ரோடுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஒளியால் அளக்கப்படுவது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ட்யூபுக்குள் இறங்கி சீரத்தை உறிஞ்சும் ஊசி. உறிஞ்ச வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அந்த மாதிரியில் அளக்கும் எல்லாமே பத்தில் ஒரு பங்கு குறையும். "நாளைக்கு வரேன். மத்தியானம் வரேன்" என்றார். முதல் முறை காலை பத்து மணிக்கு வந்திருந்தார்.

மரக்குச்சி

மறுநாள் இரண்டரைக்கு வந்தவர் கருவியின் மூடியைத் திறக்கவே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரையின் முன் உட்கார்ந்து, நாங்கள் யாரும் போகாத ஒரு பக்கத்துக்குப் போய், இரண்டு வாரப் பதிவை உருட்டிப் பார்த்தார். "கிளாட் அலாரம் பதினோரு தடவை வந்திருக்கே?" என்றார். வந்திருந்தது. ஊசி உறிஞ்சும்போது அழுத்தம் மாறினால் உறைகட்டி என்று கருவி மணி அடிக்கும், எண்ணைத் தராது. நாங்கள் ரீசெட் செய்து, ட்யூபைப் பார்த்து, மறுபடி ஓட்டுவோம். சரியாக வந்துவிடும். அது ஒரு கோளாறு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, அது வேலையின் ஒரு பகுதி. பதினொன்றில் ஒன்பதில் என் லாகின் இருந்தது. பதினொன்றும் பிற்பகலில்.

"இதை ஏன் சொல்லல?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "ட்யூப் எங்கேர்ந்து வருது, காட்டுங்க" என்றார். மாதிரி வாங்கும் மேசைக்குக் கூட்டிப்போனேன். "நீங்க எப்பவும் செய்யற மாதிரி செய்யுங்க. நான் நிக்கறேன்." ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபது நிமிடம். ட்யூப்கள் வந்தன. லேபிளைப் பார்த்தேன், நேரம் பார்த்தேன், அரை மணி நேரம் ஆனவற்றை, சுற்றிச் சீரத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் வைத்தேன். உறைவதற்கு அரை மணி நேரம் என்பது எனக்கு மனப்பாடம். பத்து நிமிடம் சுற்றியது. எடுத்து ரேக்கில் அடுக்கினேன். அவர் அதிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "குச்சி இருக்கா?" என்றார். மேசை இழுப்பறையில் மரக்குச்சிகள் ஒரு கட்டு இருந்தது. எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. மேடம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. "நீங்களே விடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

குச்சியை சீரத்துக்குள் விட்டு மெல்லச் சுழற்றி மேலே இழுத்தேன். கண்ணாடி போலத் தெளிவாக இருந்த சீரத்திலிருந்து, முட்டையின் வெள்ளைக்கரு நூல் போல ஒன்று குச்சி நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. தூக்கத் தூக்க நீண்டது. நிறமில்லை, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால்தான் தெரிந்தது. விரல் நீளம் வந்ததும் அறுந்து ட்யூபின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஃபைப்ரின், ரத்தம் உறையும்போது உருவாகும் புரத நூல். முழுசாக உறையும் முன் சுற்றப்பட்ட ரத்தத்தில், சீரத்துக்கு வந்த பிறகு மிச்ச உறைதல் நடக்கும். தடித்த கட்டியாக இருந்தால் கருவி மணி அடித்துவிடும், எண்ணும் வெளியே போகாது. மணி அடிக்கும் அளவுக்குத் தடிமன் இல்லாத இந்த நூல், ஊசி நுனியில் அரைகுறையாக மாட்டி, உறிஞ்சும் அளவை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு, அடுத்தடுத்த கழுவலில் போய்விடும். மறுபடி ஓட்டும்போது ஊசி சுத்தமாக இருக்கும். கன்ட்ரோலில் ஃபைப்ரின் கிடையாது, அது பாட்டில் திரவம். இருபது முறை என்ன, இருநூறு முறை ஓட்டினாலும் அழகாகத்தான் வரும்.

"அரை மணி நேரம் வச்சுத்தான் சுத்தினேன் சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். "எந்த நேரத்துலேர்ந்து எண்ணினீங்க?" லேபிளைக் காட்டினேன். 2:05 என்று இருந்தது. மேடம்தான் முதலில் கண்டுகொண்டார். அது ரத்தம் எடுத்த நேரம் இல்லை. டாக்டர் டெஸ்ட் கேட்டதும் கம்ப்யூட்டர் லேபிள் அச்சடித்த நேரம். லேபிள் 2:05-க்கு வந்திருக்கும். ரத்தம் 2:30-க்கு எடுத்திருப்பார்கள். காலையில் லேபிள் அடித்தவுடன் எடுத்துவிடுவதால் இரண்டும் ஒன்றாக இருந்தன. பிற்பகலில் வார்டில் ஆள் குறைவு, இடைவெளி நீண்டது. நான் அரை மணி நேரம் என்று நம்பிக்கொண்டிருந்தது சில ட்யூப்களுக்கு ஐந்து நிமிடம்கூட இருந்திருக்காது. அது போதாதென்று நோட்டில் இருந்த ஏழில் மூன்று டயாலிசிஸ் பிரிவிலிருந்து வந்தவை. அங்கே ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுப்பார்கள். அவர்களுடைய ரத்தத்துக்கு முழு அரை மணி நேரமே பல சமயம் போதாது.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் லேபிள் நேரத்தைப் பார்த்ததே இல்லையாம். ட்யூபைச் சாய்த்துப் பார்ப்பார், உறைந்து நின்றால் சுற்றுவார், இல்லையென்றால் திரும்ப வைப்பார். அதை எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர் வேறு பிரிவுக்கு மாறிப் போன வாரம் நான் அந்த மேசைக்கு வந்தேன். முதல் 125 அதற்கு நான்காம் நாள். "என்ன மாறுச்சு?" என்று எஞ்சினியர் கேட்டபோது நான் மனதுக்குள் ஓடவிட்ட பட்டியலில் ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) லாட் இருந்தது, தண்ணீர் ஃபில்டர் இருந்தது, ஏசி இருந்தது, சாஃப்ட்வேர் இருந்தது. நான் இல்லை. கேள்வி கேட்கப்பட்ட ஆள்தான் விடை என்பது எப்படித் தோன்றும்?

நான்காவது கட்டம்

காரணம் தெரிந்ததும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். மேடம் விடவில்லை. கோளாறைச் சரிசெய்வதோடு வேலை முடியாது. அதற்கு முன் வெளியே போன முடிவுகளில் எவை பாதிக்கப்பட்டிருக்கும் என்றும் பார்க்க வேண்டும். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலை இதைக் கேட்கிறது, 2022 பதிப்பிலும் இருக்கிறது. நான் தேர்வுக்காக அந்த வரியை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதைச் செய்வது வேறு விஷயம். நான் மேசைக்கு வந்த நாளிலிருந்து எல்லாப் பிற்பகல் மாதிரிகளையும் பட்டியலிட்டோம். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ட்யூப்களை மறுபடி ஓட்டினோம். தூக்கிப்போட்டுவிட்டவற்றுக்கு, அதே நோயாளியின் முந்தைய, பிந்தைய எண்களை ஒப்பிட்டோம். அலாரம் அடித்த ட்யூபுக்கு அடுத்து ஓடியவற்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் எஞ்சினியர், ஊசியில் மாட்டியது உடனே போயிருக்கும் என்று நிச்சயமில்லை என்பதால். யாரும் ஃபோன் செய்து கேட்காத இன்னும் நான்கு அகப்பட்டன.

அதில் ஒருவரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. சோடியம் 128 என்று கொடுத்திருக்கிறோம். அன்று மாலையே அவர் குடிக்கும் தண்ணீரின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை 138. கேஸ் ஷீட்டில் "முன்னேற்றம்" என்று எழுதியிருந்தது. அவருக்குக் கெட்டதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து, அது குணமாகியும் விட்டது. மேடம் வார்டுக்கு ஃபோன் செய்து ஒவ்வொருவரின் திருத்தத்தையும் சொல்லும்போது பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டார். "எங்க பக்கம் தப்பு" என்று நான்கு முறை சொன்னார். "டிரெய்னி" என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை.

எஞ்சினியரின் சர்வீஸ் ரிப்போர்ட்டில் காரணம் என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள்: பாகம், மென்பொருள், சூழல், பயன்படுத்துபவர். அவர் நான்காவதில் டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினார். எனக்கு வலித்தது என்பது உண்மை. ஆனால் இன்றுவரை எனக்குள் அடங்காமல் இருப்பது அந்த வலி இல்லை, அந்தக் கட்டம். நான் தப்பு செய்தேன், மறுக்கவில்லை. ஆனால் லேபிளில் ரத்தம் எடுத்த நேரமே இல்லாதது எந்தக் கட்டம்? முந்தையவர் கைப்பழக்கமாக வைத்திருந்த சோதனை அவரோடு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது எந்தக் கட்டம்? ஹெப்பரின் போன நோயாளியின் ரத்தத்தைச் சீரம் ட்யூபில் வாங்குவது எந்தக் கட்டம்? பதினோரு அலாரத்தை ரீசெட் செய்வது "வேலை" என்று ஒரு பிரிவே ஒப்புக்கொண்டிருந்தது எந்தக் கட்டம்? நான்காவதில் டிக் அடித்தால் தீர்வு "டிரெய்னிக்கு மறுபயிற்சி" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஃபைல் மூடப்படும். அடுத்த டிரெய்னி அதே மேசையில் அதே லேபிளைப் பார்த்து அதே அரை மணியை எண்ணுவார்.

இதை அவரிடம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை, திக்கித் திணறி ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எனக்கு நாலு கட்டம்தான் குடுத்திருக்காங்க" என்றார். பிறகு பேனாவைத் திரும்ப எடுத்து, டிக்கை அழிக்காமல், கீழே இருந்த காலி இடத்தில் எழுதினார்: "லேபிள் நேரம் சேகரித்த நேரம் அல்ல. சீரத்தில் ஃபைப்ரின். அலாரம் எண்ணிக்கை கண்காணிக்கப்படவில்லை. இயந்திரம் இயல்பு." கடைசி வரியில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

அந்த மூன்று வரிகளை வைத்துத்தான் மேடம் மேலே பேசினார். டயாலிசிஸ் மாதிரிகள் லித்தியம் ஹெப்பரின் ட்யூபுக்கு மாறின. உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மா என்பதால் உறையக் காத்திருக்கும் கதையே இல்லை. (லித்தியம் அளவு கேட்டால் மட்டும் அந்த ட்யூப் ஆகாது. அதை ஒருவர் அனுப்பியும் விட்டார், அது வேறு கதை.) வார்டில் எடுத்த நேரத்தைக் கையால் எழுதச் சொன்னோம். பாதிப் பேர் எழுதுகிறார்கள். மரக்குச்சிக் கட்டு இழுப்பறையிலிருந்து மேசைக்கு மேலே வந்தது. கிளாட் அலாரம் அடிக்கும்போதெல்லாம் ஒரு தாளில் கோடு போடுகிறோம். எங்கள் புகார்ப் படிவத்தையும் திருத்தினோம். "பிரச்சினை" என்ற கட்டம் "என்ன பார்த்தீர்கள்" என்று ஆனது. "கடந்த இரண்டு வாரத்தில் மாறியவை" என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. அதற்குக் கீழே வரவேண்டிய பட்டியலை நான்தான் தயாரித்தேன்: ரீஏஜென்ட், கன்ட்ரோல், தண்ணீர், அறை வெப்பம், மென்பொருள், ஆட்கள். மேடம் பார்த்துவிட்டு, ஒரு அம்புக்குறி போட்டு "ஆட்கள்" என்பதைத் தூக்கி முதலில் வைத்தார்.

போன மாதம் வேறொரு கருவிக்காக வேறொரு எஞ்சினியரோடு பேசிக்கொண்டிருந்தேன். எந்த டெஸ்ட், எந்த நேரம், எத்தனை முறை எல்லாம் சொல்லி முடித்தேன். அவரும் அதையே கேட்டார், ஏதாவது மாறியதா என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த டியூட்டி லிஸ்டைப் பார்க்க எழுந்து போனேன்.